பிளேன்டி நிறத்தில் சிறுநீர், கையில் ‘நெகட்டிவ்’ ரிப்போர்ட்

 

நீளமான பதிவுதான். ஆனாலும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை உள்ள வீட்டில் ஒருவராவது கடைசி வரை வாசித்து விடுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

போன வருடம் எங்கள் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை படித்தாள். புலமைப்பரிசில் வகுப்பு என்பதால் காலை ஏழு மணிக்கே மேல் டிவிசனிலிருந்து இறங்கி வந்து விடுவாள். ஒரு நாள் நனைந்த சொக்ஸைக் கழற்றிப் பிழியும்போது பார்த்தோம், முழங்காலுக்குக் கீழே சிவப்பும் ஊதாவுமாகப் புள்ளிகள். “அட்டை கடிச்சது டீச்சர்” என்றாள். மழைக்காலம், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். கொழுந்து எடுக்கிற அம்மாவின் காலிலும் அதே மாதிரித் தழும்புகள் இருக்கும்தானே. அட்டை கடித்தால் நடுவில் ஒரு வாய் தெரியும், அரிக்கும். இதில் அரிப்பும் இல்லை, வாயும் இல்லை. அதைக் கவனிக்க எங்களுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் முழங்கால் வீங்கி நடக்க முடியவில்லை. வயிற்று வலியும் சேர்ந்து கொண்டது. லயத்தில் சிலர் அம்மாள் போட்டிருக்கிறது என்று வேப்பிலை கட்டினார்கள். நாங்கள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. எங்கள் வீடுகளிலும் உடம்பில் கொப்புளம் கண்டால் முதலில் ஓதிய தண்ணீரைத்தான் தேடுவோம். வேப்பிலையோ ஓதிய தண்ணீரோ பிள்ளையை ஒன்றும் செய்து விடாது. அதற்காகக் காத்திருக்கிற நாட்கள்தான் கெடுக்கும்.

பிறகு டவுனில் ஒரு இரத்தப் பரிசோதனை. பிளேட்லெட் நல்லது, டெங்கு இல்லை. எல்லோருக்கும் நிம்மதி. ஆனாலும் வலி நிற்காததால் வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். வார்ட்டில் நான்கு நாள் வைத்திருந்து, வருத்தத்தின் பெயரைச் சொல்லி, கிளினிக் கொப்பியில் திகதி எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் சிறுநீர் பார்க்க வேண்டும் என்று அனுப்பினார்கள். புள்ளிகள் மறைந்தன. பிள்ளை ஓடி விளையாடத் தொடங்கினாள்.

அந்த நேரத்தில்தான் சொந்தக்காரர் ஒருவர் வந்து, “இந்த வருத்தத்துக்கு ஒரு அன்டிபொடி டெஸ்ட் இருக்கு, அது பார்த்தாத்தான் உறுதி” என்றாராம். அம்மா தோட்டை அடகு வைத்தார். இரத்தம் கொழும்புக்குப் போனது. ரிப்போர்ட் வந்தது: நெகட்டிவ். அம்மா அந்தக் கடதாசியை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, பெரிய சந்தோஷத்தோடு பாடசாலைக்கே கொண்டு வந்து காட்டினார். “ரிப்போர்ட்ல ஒன்னுமில்லையாம் சேர்.” நாங்களும்தான் சொன்னோம், அல்ஹம்துலில்லாஹ் என்று. ஆசிரியர் அறையில் இருந்த ஒருவருக்காவது, “அப்போ கிளினிக்?” என்று கேட்கத் தோன்றவில்லை.

மூன்று கிளினிக் போகவில்லை. ஒன்றரை மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, பிள்ளை முகம் வீங்கி வந்தாள். தூக்கம் போதாமல் இருக்கும் என்று நினைத்தோம். அம்மாவிடம் கேட்டபோது தயங்கித் தயங்கிச் சொன்னார், “ரெண்டு நாளா ஒன்னுக்கு பிளேன்டி மாதிரி போகுது சேர்.”

கண்டிக்கு அனுப்பினார்கள். சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். மருந்து தொடங்கினார்கள். பிள்ளை இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கிறாள். உப்புக் குறைத்த சாப்பாடு, மாதா மாதம் கண்டி. டொக்டர்மார் நம்பிக்கையாகச் சொல்கிறார்கள். துஆச் செய்யுங்கள்.

அதன் பிறகுதான் நாங்கள் சிலர் உட்கார்ந்து இதைப் பற்றிப் படித்தோம், தெரிந்த டொக்டர்மாரிடம் கேட்டோம். நாங்கள் வைத்தியர்கள் அல்ல. ஒரு ஆசிரியர் படித்து விளங்கிக் கொள்ளக் கூடிய அளவுதான் இங்கே எழுதுகிறோம். மருந்து விஷயத்தில் உங்கள் டொக்டர் சொல்வதுதான் முடிவு.

அந்தப் பிள்ளைக்கு வந்தது குருதிக்கலன் அழற்சி. உடம்பு முழுக்க இரத்தம் ஓடுகிற மெல்லிய குழாய்களின் சுவர் வீங்கி, கசியத் தொடங்கும். தோலுக்குள் கசிந்தால் புள்ளி, மூட்டில் வீக்கம், குடலில் வயிற்று வலி, சிறுநீரகத்தில் கசிந்தால் சிறுநீரில் இரத்தமும் புரதமும். ஹெனொக் ஷோன்லைன் பர்புரா என்பது பழைய பெயர், 2012இலிருந்து ஐ.ஜி.ஏ. வஸ்குலைட்டிஸ் என்கிறார்கள். குருதிக்கலன் அழற்சிகளுக்குள் பிள்ளைகளுக்கு அதிகமாக வருவது இதுதான். வருடத்துக்கு ஒரு இலட்சம் பிள்ளைகளில் சுமார் 10 முதல் 20 பேருக்கு வரும் என்று வெளிநாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. பெரும்பாலும் தடிமன், தொண்டை நோவு வந்து போன பிறகு வரும். அநேகமான பிள்ளைகளுக்குத் தானாகவே மாறி விடும்.

இங்கே முதல் விஷயம். நம்மூரில் காய்ச்சலும் புள்ளியும் என்றால் எல்லோருக்கும் டெங்கு ஞாபகம்தான். பிளேட்லெட் எண்ணிக்கை நல்லது என்றால் வீட்டுக்குப் போய் விடுகிறோம். ஆனால் பிளேட்லெட் குறையாமலே காலிலும் பின்புறத்திலும் தடவினால் தட்டுப்படுகிற மாதிரி ஊதாப் புள்ளி வருகிறது என்றால், அதுவே குருதிக்கலன் அழற்சிக்குப் பெரிய அடையாளம். நாம் நிம்மதிப் பெருமூச்சு விடுகிற அதே ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் டொக்டர் யோசிக்கத் தொடங்குகிறார். புள்ளியின் மேல் ஒரு கண்ணாடிக் கிளாஸை வைத்து அழுத்திப் பாருங்கள். மறைந்தால் சாதாரணச் சிவப்பாக இருக்கலாம். மறையாவிட்டால் தோலுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது, அன்றைக்கே காட்ட வேண்டும். காய்ச்சலோடு அப்படியான புள்ளி மணிக்கு மணி கூடுகிறது, பிள்ளை சோர்ந்து போகிறது என்றால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. இரவோ மழையோ, வாகனம் பிடித்துப் போய் விடுங்கள்.

இனி அந்த அன்டிபொடி டெஸ்ட். நம் பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் பிறபொருளெதிரி என்று படிக்கிறார்களே, அதுதான். கிருமி உள்ளே வந்தால் அதைப் பிடிப்பதற்கு உடம்பு செய்கிற புரதம். சில சமயம் உடம்பு தவறிப் போய்த் தன் சொந்தக் கலங்களுக்கு எதிராகவே அதைச் செய்து விடும். அம்மா தோட்டை அடகு வைத்துப் பார்த்த பரிசோதனை அந்த இரண்டாம் வகை, அதன் சுருக்கப் பெயர் ஆன்கா. வெண்குருதிக் கலங்களுக்கு எதிரான பிறபொருளெதிரி இருக்கிறதா என்று பார்ப்பது. 1982இல் அவுஸ்திரேலியாவில் டேவிஸ் என்ற டொக்டரும் அவரோடு இருந்தவர்களும் சிறுநீரக அழற்சி வந்த 8 பேரிடம் இதை முதலில் கண்டார்கள். 1985இல் நெதர்லாந்து, டென்மார்க் ஆட்கள் சேர்ந்து, வெகனர் என்று அப்போது சொல்லப்பட்ட ஒரு குறிப்பிட்ட குருதிக்கலன் நோயோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள். மூக்கு, நுரையீரல், சிறுநீரகம் மூன்றையும் தாக்குகிற கடுமையான நோய் அது. அதைக் கண்டுபிடிக்க ஆன்கா மிகப் பெரிய உதவி. அந்தப் பரிசோதனை வந்ததால் உயிர் தப்பியவர்கள் ஏராளம்.

ஆனால் அந்த வகை நோய் பிள்ளைகளுக்கு வருவது மிக அரிது. பத்து இலட்சத்தில் விரல் விட்டு எண்ணலாம். நம் பிள்ளைக்கு வந்ததோ வேறு நோய். அதில் ஆன்கா வழமையாக நெகட்டிவ்தான் வரும். அதாவது தோட்டை அடகு வைத்து வாங்கிய பதில், யாருமே கேட்காத ஒரு கேள்விக்கான பதில். “இந்தப் பிள்ளைக்கு அந்த அரிய நோய் இருப்பதாக அடையாளம் இல்லை” என்று கடதாசி சொன்னது. “இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை” என்று நாம் வாசித்தோம்.

மறு பக்கமும் இருக்கிறது. ஆன்கா பொசிட்டிவ் என்று வந்து விட்டால் உடனே அந்தப் பெரிய நோய் என்றும் அர்த்தம் இல்லை. காசநோய், இருதய வால்வில் கிருமித் தொற்று, சில மருந்துகள் என்று பலவற்றிலும் அது பொசிட்டிவ் காட்டலாம். உண்மையாகவே அந்த நோய் உள்ள சிலரில் நெகட்டிவ் காட்டுவதும் உண்டு. பிள்ளையைப் பார்த்து, இது இருக்குமோ என்று சந்தேகப்பட்ட ஒரு டொக்டர் கேட்டால்தான் அந்தப் பரிசோதனைக்குப் பெறுமதி. கடையில் சாமான் வாங்குவது போல நாமே போய்க் கேட்டு வாங்கினால், வருவது பயம் அல்லது பொய்யான தைரியம், இரண்டில் ஒன்று.

அப்படியானால் அந்தப் பிள்ளைக்கு எந்தப் பரிசோதனை தேவைப்பட்டது? சிறுநீரில் முக்கி எடுக்கிற ஒரு பட்டி. நிறம் மாறினால் புரதம் அல்லது இரத்தம். இரண்டு நிமிட வேலை. கூடவே இரத்த அழுத்தம் பார்ப்பது. இந்த வருத்தம் வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சிறுநீரகம் ஏதோ ஒரு அளவில் பாதிக்கப்படும். அது புள்ளி இருக்கும்போது வர வேண்டும் என்று இல்லை. புள்ளி மறைந்து, பிள்ளை விளையாடத் தொடங்கி, எல்லோரும் மறந்த பிறகு, பெரும்பாலும் முதல் நான்கு முதல் ஆறு வாரங்களில் வரும். அதனால்தான் குறைந்தது 6 மாதம் சிறுநீர் பார்க்கச் சொல்கிறார்கள். தொடக்கத்தில் வலி கிடையாது, வீக்கம் கிடையாது, நிறம்கூட மாறாது. பட்டிக்கு மட்டும்தான் தெரியும். பிளேன்டி நிறம் வரும்போது நாம் ஏற்கனவே பிந்தி விட்டோம். எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆகாது, பெரும்பாலானவர்கள் நல்லபடியாகத் தேறி விடுகிறார்கள், பயப்படுத்த எழுதவில்லை. ஆனால் யார் தேறுவார், யார் தேற மாட்டார் என்று முதல் நாளில் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்கிற அன்டிபொடி டெஸ்ட் ஒன்றும் இல்லை.

இது எங்கோ கேள்விப்பட்ட ஒரு அரிய நோயின் கதை என்று விட்டு விடாதீர்கள். பிறபொருளெதிரி ரிப்போர்ட்டை நம்பிக் காத்திருக்கக் கூடாது என்பதற்கு நம் மலையிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. உண்ணிக் காய்ச்சல். ரிக்கெட்ஸியா என்கிற கிருமி. உண்ணி கடிக்கும்போது உள்ளே போய், நேரே குருதிக்கலன்களின் உட்சுவரில் இருக்கிற கலங்களுக்குள் குடியேறி விடும். அதனால் இதுவும் குருதிக்கலன் அழற்சிதான், காரணம் மட்டும் வேறு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எஸ்.ஏ.எம். குலரத்னவும் அவரோடு சேர்ந்தவர்களும் மத்திய மாகாண மலைப் பகுதியில் இந்தக் காய்ச்சல் எப்படிப் பரவியிருக்கிறது என்று 2003இலேயே ஆய்வு வெளியிட்டார்கள். உண்ணியால் வருகிற புள்ளிக் காய்ச்சல் வகைதான் மலை நாட்டில் முன்னுக்கு நிற்பதாகக் கண்டார்கள். அதை அவர்களுக்கு உறுதிப்படுத்திக் கொடுத்தது பிறபொருளெதிரிப் பரிசோதனைதான். நாய், மாடு, காட்டோரம் என்று உண்ணி இல்லாத தோட்டம் நம் பக்கத்தில் எது?

சரி, அப்படியானால் காய்ச்சல் வந்தவுடன் அந்தப் பரிசோதனையைச் செய்து விடலாமே? செய்தால் அநேகமாக நெகட்டிவ் வரும். உடம்பு அந்தப் பிறபொருளெதிரியைச் செய்து முடிக்கவே ஒரு வாரம், பத்து நாள் போகும். முதல் வாரத்தில் ஒரு இரத்தம், இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு இரத்தம், இரண்டாவதில் அளவு நான்கு மடங்காவது கூடியிருந்தால்தான் உறுதி. அந்த உறுதி வரும்போது பிள்ளை ஒன்று குணமாகியிருக்கும், அல்லது நிலைமை மோசமாகியிருக்கும். அதனால் அனுபவமுள்ள டொக்டர்மார் ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பதில்லை. காய்ச்சல், தலையிடி, உள்ளங்கை உள்ளங்கால் வரை வருகிற புள்ளி, இதையெல்லாம் பார்த்தே டொக்ஸிசைக்கிளின் போன்ற மருந்தைத் தொடங்கி விடுவார்கள். விலை குறைந்த பழைய மருந்து. சரியான நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். “டெஸ்ட் வரல்ல, அதுக்குள்ள மருந்து குடுக்கிறாங்க” என்று வார்ட்டில் சண்டை பிடித்த ஒரு அப்பாவை நமக்குத் தெரியும். அந்த டொக்டர் செய்தது சரி. அதே நேரம், உண்ணி கடித்தது, வீட்டில் நாய் இருக்கிறது, பிள்ளை மாட்டுக் கொட்டிலில் விளையாடியது என்பதை அவரிடம் சொல்ல வேண்டியது நாம். அதை எந்த இரத்தமும் சொல்லாது.

பிறபொருளெதிரி ரிப்போர்ட் தோட்டத்துச் செக்ரோல் மாதிரி. இன்னார் இந்த மலைக்கு ஏதோ ஒரு நாள் வந்து பேர் போட்டார் என்று காட்டும். இப்போது மலையில் நிற்பது யார் என்று பார்க்க மலைக்கே போக வேண்டும்.

கொரோனா காலத்தில் இதை நாடே பார்த்தது. 2020 ஏப்ரலில் பிரித்தானியாவில் முதலில் எச்சரித்தார்கள். கொரோனா வந்து போய் இரண்டு முதல் ஆறு வாரம் கழித்துச் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல், புள்ளி, கண் சிவப்பு, இருதயப் பாதிப்பு. 2021இல் நம் நாட்டிலும் பிள்ளைகள் வைத்தியசாலைக்கு வந்தார்கள். பி.சி.ஆர். செய்தால் பல பிள்ளைகளுக்கு நெகட்டிவ், ஏனென்றால் கிருமி போய் விட்டது. அப்போது பிறபொருளெதிரிப் பரிசோதனை உண்மையாகவே கை கொடுத்தது, கொரோனா வந்து போயிருக்கிறது என்று அதுதான் காட்டியது. ஆனால் கொஞ்சக் காலத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றில் கொரோனா வந்து விட்டது, அல்லது தடுப்பூசி ஏற்றியாயிற்று. எந்தப் பிள்ளையைச் சோதித்தாலும் பொசிட்டிவ். அதே பரிசோதனை, அதே இயந்திரம், ஆனால் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போய் விட்டது.

அந்தக் கொரோனா வருத்தம் பார்வைக்குக் கவசாகி நோய் போலவே இருந்தது. கவசாகி பற்றிச் சின்னப் பிள்ளைகள் உள்ள தாய்மார் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானில் டொமிசாகு கவசாகி என்ற சிறுவர் வைத்தியர் 1961 ஜனவரியில் நான்கு வயதுப் பையன் ஒருவனிடம் இதை முதலில் பார்த்தார். பெயர் தெரியவில்லை. விட்டு விடாமல் குறித்து வைத்துக் கொண்டே வந்து, 1967இல் 50 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அவர் கையில் ஒரு பரிசோதனையும் இருக்கவில்லை. கண், உதடு, நாக்கு, கை, கால், கழுத்து என்று பார்த்தார், எழுதினார். அவ்வளவுதான். அரை நூற்றாண்டு தாண்டியும் இன்றைக்கும் அந்த நோயை உறுதிப்படுத்துகிற ஒரு தனி இரத்தப் பரிசோதனை கிடையாது. ஐந்து நாளாகப் பனடோலுக்கு அடங்காத காய்ச்சல், பீளை இல்லாத கண் சிவப்பு, வெடித்த சிவந்த உதடு, ஸ்ட்ரோபெரி போன்ற நாக்கு, வீங்கிய கை கால், தோலில் சிவப்பு, கழுத்தில் நெறி. இவற்றைப் பார்த்துத்தான் முடிவு. முடிவு சீக்கிரம் வர வேண்டும். மருந்து கொடுக்காவிட்டால் நான்கில் ஒரு பிள்ளைக்கு இருதயத்துக்கு இரத்தம் கொண்டு போகிற குழாய் பலூன் மாதிரிப் புடைக்கும். முதல் 10 நாளுக்குள் கொடுத்தால் அது நூற்றுக்கு நான்கைந்தாகக் குறைகிறது.

அந்த மருந்து என்ன தெரியுமா? பிறபொருளெதிரிதான். ஆயிரக்கணக்கானோர் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, சேலைனோடு ஏற்றுவது போல மெதுவாக ஏற்றுவார்கள். இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அது ஏற்றிய பிறகு பிள்ளையின் இரத்தத்தில் எந்தப் பிறபொருளெதிரியைத் தேடினாலும் அந்த ஆயிரம் பேருடையதும் சேர்ந்தே தெரியும். பிறகு நாமாகப் போய்ச் செய்கிற அன்டிபொடி டெஸ்ட்டில் பொசிட்டிவ் வந்தால் அது பிள்ளையுடையதா, முன்பின் தெரியாத யாரோ ஒருவருடையதா என்று சொல்ல முடியாது. இன்னொன்று, தட்டம்மைக்கான எம்.எம்.ஆர். ஊசி அந்த நாட்களில் வேலை செய்யாமல் போகலாம். சில மாதங்கள் தள்ளிப் போடுவார்கள், 11 மாதம் என்பது பரவலாகச் சொல்கிற கணக்கு. மிட்வைஃப் மிஸ்ஸிடம் கட்டாயம் சொல்லுங்கள். வார்ட்டில் கொடுக்கிற அந்தத் துண்டை வீசி விடாதீர்கள்.

இப்போது எங்களுக்கு உண்மையாகக் கோபம் வருகிற இடத்துக்கு வருகிறோம்.

அந்த அம்மா ஏன் கடதாசியை நம்பினார்? படிப்பில்லாததால் என்று சொல்கிறவர்கள் உண்டு. நாங்கள் ஒத்துக் கொள்ள மாட்டோம். அவரிடமே கேட்டோம். வார்ட்டில் நான்கு நாளும் அவரிடம் தமிழில் ஒருவர் உட்கார்ந்து பேசவில்லை. டொக்டர் நல்லவர், சிரித்துக் கொண்டே சிங்களத்தில் விளக்கினார். அம்மா தலையை ஆட்டினார். டயக்னொசிஸ் கார்ட் முழுக்க ஆங்கிலம். கிளினிக் திகதி மட்டும் விளங்கியது, எதற்கு என்று விளங்கவில்லை. கொழும்பிலிருந்து வந்த ரிப்போர்ட்டும் ஆங்கிலம்தான், ஆனால் அதில் இருந்த ‘நெகட்டிவ்’ என்ற ஒரு சொல் கொரோனா காலத்திலிருந்து லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த சொல். அத்தனை கடதாசியிலும் அவரால் வாசிக்க முடிந்தது அது ஒன்றுதான். அதை அவர் நம்பினார். அவர் இடத்தில் நாம் இருந்தாலும் அதைத்தான் நம்பியிருப்போம். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று 13ஆவது திருத்தத்தில் எழுதி 1987 முதல் எத்தனை வருடம் ஆயிற்று?

அடுத்தது நாள் கூலி. கிளினிக் என்றால் அம்மாவுக்கு ஒரு பேர் போகும். காலையில் போய்ப் பகலுக்குத் திரும்பினாலும் அரைப் பேர்கூடக் கிடைப்பது நிச்சயமில்லை. கண்டி என்றால் விடியற்காலை பஸ் ஏறி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை கடந்து போய், இரவில்தான் திரும்ப முடியும். மூன்று கிளினிக் போகாததைக் கவலையீனம் என்று சொல்வதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவை காசு கொடுத்து ஒரு ரிப்போர்ட் எடுத்து விட்டால் ஆறு மாதம் அலையத் தேவையில்லை என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது? தோட்டை அடகு வைத்தது அந்த அம்மாவுடைய கணக்கில் சிக்கனம்.

இதற்கெல்லாம் அரசாங்கம் வந்து செய்யும் வரை உட்கார்ந்திருக்க முடியாது. கேட்க வேண்டியதைக் கேட்போம். தோட்டத்து டிஸ்பென்சரிகளில் சிறுநீர்ப் பட்டி வைத்து, இந்த வருத்தம் வந்த பிள்ளைகளுக்கு வாரம் ஒரு முறை அங்கேயே பார்த்து, ஏதாவது தெரிந்தால் மட்டும் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினால் என்ன? டொக்டர் எழுதிக் கொடுத்தால் அம்மாவுக்கு ஒரு பேரும் நட்டமாகாது. கிளினிக் கொப்பியைக் காட்டினால் அந்த நாளுக்குப் பேர் போட வேண்டும் என்று நிர்வாகத்தோடு பேச நம் தொழிற்சங்கத்துக்காரர்களுக்கு நேரம் இருக்காதா? தேர்தல் நேரத்தில் எல்லா லயத்துக்கும் ஏறி வருகிறார்களே.

இடையில் நாமே செய்யக் கூடியது ஒன்று. பள்ளிவாசலிலும் கோவிலிலும் சேர்ச்சிலும் வருத்தக்காரருக்கு என்று காசு சேர்க்கிறோம். அந்தக் காசு பெரும்பாலும் வெளியில் செய்கிற டெஸ்ட்டுக்கே போகிறது. டொக்டர் எழுதிக் கொடுத்த பரிசோதனை என்றால் தாராளமாகக் கொடுப்போம். எழுதிக் கொடுக்காத டெஸ்ட்டுக்குக் கொடுக்கிற காசை வேன் கூலிக்கும் பஸ் காசுக்கும் மாற்றுவோம். கூடவே சிங்களம் தெரிந்த ஒருவரையும் அனுப்புவோம். நம் ஏ.எல். முடித்த பிள்ளைகள் வீட்டில் ஃபோன் பார்த்துக் கொண்டு இருக்கிறார்கள், அவர்களுக்குச் சிங்களம் நன்றாக வரும். டொக்டரிடம் கேட்க வேண்டியது மூன்று கேள்விதான். இந்த வருத்தத்தின் பெயர் என்ன? இனி எதைப் பார்த்துக் கொள்ள வேண்டும்? எத்தனை மாதம் வர வேண்டும்? பதிலைக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தமிழில் எழுதி வாங்கி வர வேண்டும். போன மாதத்திலிருந்து இரண்டு பேர் இப்படிப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். ஒருவர் முஸ்லிம் பிள்ளை, ஒருவர் தோட்டத்துப் பிள்ளை. இன்னும் நான்கு பேர் இருந்தால் வாரத்தில் எல்லாக் கிளினிக் நாளுக்கும் ஆள் வைக்கலாம். விருப்பமானவர்கள் பாடசாலைக்கு வந்து பெயர் கொடுங்கள்.

எங்கள் பங்குக்கு, வகுப்பு இடாப்பில் பென்சிலால் கிளினிக் திகதிகளைக் குறித்து வைக்க முடிவு செய்திருக்கிறோம். அன்றைக்குப் பிள்ளை வகுப்புக்கு வந்திருந்தால், ஏன் போகவில்லை என்று கேட்போம். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது பிள்ளையின் ரிப்போர்ட் கார்டோடு கிளினிக் கொப்பியையும் கொண்டு வாருங்கள். அந்த அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தோடு இன்னும் மீட்கவில்லை.